கேஷ் நம்ம காசுதானா? – ஓய்வு பெற்ற காசாளர் ஒருவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். வங்கியில் காசாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்' என்ற தலைப்பில் பள்ளியில் பேச்சுப் போட்டி. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலை வைத்துப் பேசப் போகிறாள். 'காசுதான் கேஷ் ஆனது' என்பது அதில் முதல் வரி. என் மருமகனோ, 'அது லத்தீன் சொல், மேடையில் போய் உளறாதே' என்கிறார். எங்கள் வீட்டுப் பெட்டியில் திருவிதாங்கூர் காலத்துச் செப்புக்காசு ஒன்று இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே இருக்கிறது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? கூடவே ஒரு சந்தேகம். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையை விட்டு நீக்குவதையும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்கிறார்கள். எங்கள் உத்தியோகத்துக்கு ஏன் இந்தக் கெட்ட பேர்?

பதில்:

அம்மா, நீங்கள் சொல்வதும் சரி, மருமகன் சொல்வதும் சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு. நமக்கு நதியும் ஆறு, ஐந்துக்கு அடுத்த எண்ணும் ஆறு. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பெரிய ஆங்கில அகராதிகளும் கேஷ் என்பதற்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள் போடுகின்றன. நீங்கள் கவுண்டரில் எண்ணிக் கொடுத்தது முதல் கேஷ். உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டாவது.

முதல் கேஷ் ஒரு பெட்டி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பேழை, பெட்டி. இத்தாலிய மொழியில் அது 'காஸா' ஆனது ('ஸா'வை அழுத்திச் சொல்ல வேண்டும்), பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. வெனிஸ், ஃபிளாரன்ஸ் வணிகர்கள் பணம் போட்டு வைத்த பெட்டிக்கும் அதே பெயர். பெட்டிக்கு வைத்த பெயர், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 1590-களில் வருகிறது. வந்த புதிதில் பெட்டி, பணம் இரண்டையும் குறித்தது. ஜான் ஃப்ளோரியோ 1598-ல் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதியில் 'காஸா'வுக்கு வணிகரின் கேஷ், அதாவது பணப்பெட்டி என்றே பொருள் சொல்கிறார். 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்துவிட்டது, பணம் மட்டும் நின்றது.

இது உங்களுக்கு எளிதில் பிடிபடும். பேரேட்டில் பணம் வரவானால் கேஷ் அக்கவுண்டை டெபிட் செய்வீர்கள். வந்த பணத்தை ஏன் பற்று எழுத வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் குழம்புவார்கள். கேஷ் என்பதைப் பணம் என்று நினைத்தால் குழப்பம்தான். பெட்டி என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டது, எனவே அது உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, எனவே அதன் பெயரில் பற்று. 1494-ல் வெனிஸில் லூகா பச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்கை அச்சு நூலில் விளக்கியபோது, காஸாவை உங்களுக்குக் கடன்பட்ட ஓர் ஆளைப் போலவே நடத்தச் சொல்கிறார். நம் வங்கிகளில் இன்றும் நடப்பது அதே கணக்குத்தான். பேங்க் என்ற சொல்லும் அந்த இத்தாலியர்கள் கொடுத்ததே. பணம் மாற்றுபவர் உட்கார்ந்த பலகைக்குப் பெயர் 'பாங்கா'.

பிரெஞ்சின் 'கெஸ்' எப்படி 'ஷ்' ஆயிற்று என்று மருமகனை மடக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு. நாயைக் கட்டும் வாருக்குப் பிரெஞ்சில் 'லெஸ்', ஆங்கிலத்தில் 'லீஷ்'. 'கெஸ்' கேஷ் ஆனதும் அதே தடத்தில்தான். காப்ஸாவின் வாரிசுகள் ஆங்கிலத்தில் நிறையப் பேர். கண்ணாடிக் கூடுக்குச் சொல்லும் கேஸ், மாத்திரைக் கேப்சூல், பாட்டு கேட்ட கேசட், லாரியின் சேசிஸ் எல்லாம் அந்தப் பெட்டியின் பிள்ளை குட்டிகள். கேஷியரும் அங்கிருந்துதான், பெட்டிக்குப் பொறுப்பானவர்.

ஆக, கவுண்டரில் புழங்கிய கேஷ் மருமகன் பக்கம். அதை விட்டுக்கொடுத்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கேஷின் கதை இதைவிட ருசியானது, அது முழுக்க நம் பக்கம்.

ஆங்கில அகராதியில் இரண்டாவது கேஷுக்குப் பொருள்: தென்னிந்தியா, சீனா, கிழக்காசிய நாடுகளில் வழங்கிய சிறு மதிப்புள்ள நாணயம். வேர்: போர்ச்சுகீசியம் வழியாகத் தமிழ்க் 'காசு'.

காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகை 67-ஆம் பாட்டு போதும். கிளியின் வளைந்த அலகில் ஒரு வேப்பம்பழம். பழுத்து மினுங்குகிறது. புது நூலில் கோப்பதற்காகக் கூர்நகத்தால் பிடித்த பொற்காசு போல இருக்கிறது என்கிறாள் தலைவி. அந்தப் பாட்டில் காசு கடைக்குக் கொண்டுபோகும் பணம் இல்லை, கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ அணியும் பொன்வட்டம். உங்கள் ஊர்க் கல்யாணங்களில் பார்க்கும் காசுமாலையின் மூத்த பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7-ஆம் நூற்றாண்டில் வந்தால் காசு பணமாகிவிட்டது. வங்கிக்காரரான நீங்கள் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியார்களுக்குச் சோறு போடச் சிவன் தினம் ஒரு காசு தந்ததாகக் கதை. அப்பரின் காசு கடையில் அப்படியே செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்குக் கழிவு பிடித்தார்கள், அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதம். அவர் சிவனிடமே போய், 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது பிடிக்கும் கழிவு. டிஸ்கவுண்ட் இல்லாத நாணயம் கேட்டுப் பாடிய பக்திப் பாட்டு வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் சோழர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு வைப்பு நிதிக் கணக்காகவே நிற்கிறது. ஊர்ச்சபைகளிடம் கோயில் காசு கொடுத்து வைக்கும், அவர்கள் ஆண்டுதோறும் காசுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்ட வேண்டும். பொலிசை என்றால் வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைய ஃபிக்சட் டெபாசிட்டோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம்.

காசு என்ற சொல்லுக்கே வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எடை அளவைக் குறிக்கும் 'கர்ஷ' என்ற சமஸ்கிருதச் சொல்லோடு இணைப்பவர்கள் உண்டு, திராவிடச் சொல்லே என்பவர்களும் உண்டு. பேத்தியின் மேடைக்கு அந்தச் சண்டை தேவையில்லை. ஆங்கிலத்துக்குக் கொடுத்த கை தமிழ்க்கை என்பதே அவளுக்கு வேண்டியது.

கொடுத்த விதத்தைப் பார்ப்போம். 1498-ல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் இத்தாலியப் பயணி லுடோவிகோ தி வர்த்தேமா அந்தக் கரைக்கு வருகிறார். 1510-ல் அச்சான அவருடைய பயண நூலில் 'காஸ்' என்ற நாணயம் வருகிறது. பதினாறு காஸ் கொடுத்தால் 'தாரம்' என்ற வெள்ளி நாணயம் ஒன்று. கோழிக்கோட்டில் குரங்கு ஒன்று நான்கு காஸ் விலை என்றும் எழுதிவைத்திருக்கிறார். அதை ஏன் விசாரித்தார் என்று சொல்லவில்லை.

போர்ச்சுகீசியர் காதில் காசு என்ற சொல் விழுந்தபோது அவர்களிடம் ஏற்கெனவே 'கைஷா' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு என்ன பொருள் தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் போர்ச்சுகீசியப் பிள்ளை. காசும் கைஷாவும் ஒலியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், நம் நாணயத்தையும் அந்தப் பெட்டியின் எழுத்துக்கூட்டலிலேயே எழுத ஆரம்பித்தார்கள். கைஷாவை எழுதும்போது நடுவில் 'எக்ஸ்' எழுத்து வரும், போர்ச்சுகீசியத்தில் அதற்கு அந்த இடத்தில் 'ஷ' ஓசை. நம் காசில் இல்லாத 'ஷ்' கேஷுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான். இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் சந்திப்பதற்கு முன்னாலேயே போர்ச்சுகீசியன் வாயில் சந்தித்துவிட்டன.

தற்செயல் பாருங்கள். ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே 1598-ல், வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் கிழக்கு நாட்டுப் பயண நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் வெளியாகிறது. அதில் சுண்டா நாட்டில், அதாவது ஜாவாத் தீவில், கைஷா என்ற செப்புக்காசு தவிர வேறு நாணயம் இல்லை என்று வருகிறது. நடுவில் ஓட்டை, அதில் கயிறு நுழைத்து இருநூறு, ஆயிரம் என்று ஒரே சரமாகக் கோத்து வைப்பார்களாம். ஒரே ஆண்டு, ஒரே ஊர், இரண்டு புத்தகங்கள். ஒன்றில் இத்தாலியப் பெட்டி, இன்னொன்றில் போர்ச்சுகீசிய வேடம் போட்ட நம் காசு.

ஆங்கிலேயர் காசு என்ற சொல்லை நம் கரையில் நேராகக் கேட்டுப் பழகியது இதற்குப் பின்னால். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600-ன் கடைசி நாளில். மசூலிப்பட்டினத்தில் கிடங்கு போட்டது 1611-ல். சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639-ல். லண்டன் வணிகர் பெட்டியில் கேஷ் அதற்கெல்லாம் முன்பே இருந்தது. வாட்ஸ்அப் பட்டியல் விழும் இடம் இதுதான்.

ஆனால் சென்னைக்கு வந்த பிறகு கம்பெனிக்காரர்கள் கேஷைக் கணக்காகவே வைத்தார்கள். 80 காசு ஒரு பணம் (இங்கே பணம் என்பதும் ஒரு நாணயத்தின் பெயர்). 42 பணம் ஒரு வராகன். அப்படியானால் வராகனுக்கு 3,360 காசு. சென்னை மாகாணத்தில் 1818-ல் ரூபாய் வரும் வரை இதுதான் கணக்கு. மாதக் கடைசியில் இதில் கூட்டல் போட்ட கணக்குப்பிள்ளைகளுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

அந்தக் கம்பெனிக் காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். 1803, 1808 ஆண்டுகளில் அடித்த 20 காசுச் செப்பு நாணயம், ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் மேலே பாரசீக எழுத்தில், இருபது காஸ் நான்கு ஃபலூஸுக்கு (அதுவும் ஒரு செப்புக்காசு) சமம் என்று மதிப்பு. கீழே ரோமன் எண் இருபதும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல்லும். பாரசீகத்தில் 'காஸ்', ஆங்கிலத்தில் 'கேஷ்', இரண்டும் ஒரே நாணயத்தின் பெயர். முதல் வரிக்குப் போர்ச்சுகீசியன் தேவைப்படவில்லை, அதனால் 'ஷ்' இல்லை. 1803-ஆம் ஆண்டு நாணயங்கள் பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தவை. 1808-ல் அடித்தவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டு முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தச் செப்புக்காசுகளை மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவுக்கு வர வேண்டிய சில்லறை இப்போது நாணயம் சேர்ப்பவர்கள் ஆல்பத்தில் இருக்கிறது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் காசு அடித்தார்கள், அவர்கள் எழுதியது 'காஸ்'. உங்கள் திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். சங்கு முத்திரையோடு அந்தக் காசு 1940-கள் வரை புழக்கத்தில் இருந்தது. உங்கள் பெட்டியில் இருப்பது அதுதான். அது நல்ல ஆதாரம், ஆனால் இரண்டாவது கேஷுக்கு மட்டும். அதில் இருக்கும் 'கேஷ்' அந்த நாணயத்தின் பெயர், ரொக்கம் என்ற பொருளில் வந்த கேஷ் அல்ல.

இதைவிட எனக்குப் பிடித்தது சீன விஷயம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'சைனீஸ் கேஷ்'. சீனர்கள் தங்கள் நாணயத்தை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தமிழ்க்கரையில் எடுத்த பெயரைப் போர்ச்சுகீசியர் ஜாவாவுக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய், கண்ணில் பட்ட எல்லாச் செப்புச் சில்லறைக்கும் ஒட்டினார்கள். ஆங்கிலேயர் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் சீன நாணயத்துக்கு விளக்கம் எழுதினால் தமிழ்ச் சொல்லைத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1886-ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கில–இந்தியச் சொல் அகராதியிலேயே காசு, கைஷா, கேஷ் என்ற தடம் இருக்கிறது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

பேத்திக்கு என் யோசனை: பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த ஒரு சொல்லையே ஐந்து நிமிடம் பேசட்டும். வர்த்தேமாவின் குரங்கில் ஆரம்பித்தால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். செப்புக்காசைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். 'ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் லத்தீன் வழி, நாணயம் என்ற பொருளில் வரும் கேஷ் தமிழ் வழி' என்று அவளே முதலில் சொல்லிவிடட்டும். நடுவர்களில் ஒருவர் மருமகன் கட்சியாக இருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. நேரம் மிஞ்சினால் கட்டுமரம், செரூட் ஆன சுருட்டு, மல்லிகாட்டானி ஆன மிளகுத்தண்ணீர் ஆகியவற்றைத் தயங்காமல் சேர்க்கலாம்.

பட்டியலில் 'எட்டுதான் எய்ட்' என்பதும் இருக்கும், எனக்கு வந்த பட்டியலிலும் இருந்தது. அதை வெட்டிவிடச் சொல்லுங்கள். எய்ட்டுக்கு ஜெர்மனில் ஆக்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட என்று உறவுக் கூட்டம் வரிசையாக நிற்கிறது. ஒரு சொல்லுக்குச் சொந்த வீட்டில் இத்தனை உடன்பிறப்புகள் இருக்கும்போது அது நம் வீட்டில் பிறந்தது என்று சொல்ல முடியாது. ஒலி ஒத்திருப்பது சந்தேகம் எழுப்ப மட்டும் போதும். எந்த ஆண்டில், யார் கை வழியாக, என்ன பொருளில் போனது என்று காட்டினால்தான் கணக்கு நேராகும். வவுச்சர் இல்லாமல் நீங்கள் பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள் அல்லவா?

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1390-களில் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலச் சமையல் நூலில் 'க்யூரி' என்ற சொல் வருகிறது, பொருள் சமையல், வேர் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு 'கறி எங்கள் சொல்' என்று வாதாடுகிற ஆங்கிலேயர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்: கறி போர்ச்சுகீசியர் வழியாகப் போனதற்குத் தடம் இருக்கிறது.

இனி உங்கள் உத்தியோகத்தின் கெட்ட பேர். கவலைப்படாதீர்கள், ராணுவத்தில் நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' உங்களுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. லத்தீனில் 'காஸுஸ்' என்றால் வெறுமை, செல்லாதது. அதிலிருந்து பிரெஞ்சில் 'காஸே', ரத்து செய்வது. டச்சில் அது 'காஸேரன்' ஆனது. 1585-க்குப் பிறகு ஸ்பெயினுக்கு எதிராக நெதர்லாந்தில் சண்டை போட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே பிடித்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுவந்த சொல் இது. பெட்டிக்காரக் கேஷியரும் அதே பத்தாண்டில் லண்டனுக்கு வந்ததால் இரண்டும் ஒரே எழுத்தில் போய் உட்கார்ந்தன.

பிரான்ஸின் உச்ச நீதிமன்றத்தை இன்றும் 'காஸேஷன்' நீதிமன்றம் என்றே சொல்கிறார்கள், கீழ்த் தீர்ப்புகளை ரத்து செய்வதால். 1895 ஜனவரியில் பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில், தேசத்துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட பிரெஞ்சு அதிகாரி கேப்டன் டிரைஃபஸின் பட்டைகளைப் பிய்த்து, வாளை உடைத்து அவமானப்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அதைத்தான் 'கேஷியர்' செய்தது என்பார்கள். அவர் குற்றமற்றவர் என்று 1906-ல் தண்டனையை ரத்து செய்தது அந்தக் காஸேஷன் நீதிமன்றம். சேர்த்து ஒன்று: முந்திரிக்குச் சொல்லும் 'கேஷ்யூ' இந்த மூன்றில் எதோடும் ஒட்டாது. அது பிரேசில் பழங்குடிகளின் டூப்பி மொழியில் இருந்து, இங்கேயும் போர்ச்சுகீசியர் கப்பலில்தான் வந்தது.